விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குப் பிறகு மாணவி வகுப்புக்கு வரவில்லை: நான் என்ன செய்வது?

கடிதத்தின் சுருக்கம்

கடலூருக்கு அருகே ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் 34 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்கள், தாழங்குடா மாதிரியான மீனவர் ஊர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் பாகூர் என்று பல இடங்களிலிருந்து மாணவர்கள் வரும் கல்லூரி. பெரும்பாலானவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

சாதி, பாலினம், உடல் குறைபாடு, மொழி என எந்தக் காரணத்துக்காகவும் வளாகத்தில் யாரும் ஒதுக்கப்படக் கூடாது என்று புரியவைக்க ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. இணையத்தில் பார்த்த ஒரு பயிற்சியைச் செய்திருக்கிறார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அரங்கில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். "தாத்தா பாட்டி யாராவது பள்ளிக்கூடம் போயிருந்தால் ஒரு அடி முன்னால் வாருங்கள்", "வீட்டில் படிக்கத் தனி மேசை இருந்தால் முன்னால் வாருங்கள்", "சாதியைச் சொல்லி உங்களை யாராவது ஒதுக்கியிருந்தால் ஒரு அடி பின்னால் போங்கள்" என்று வரிசையாகக் கேள்விகள். முடிவில் மூன்று பேர் மட்டும் சுவரை ஒட்டி நின்றார்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவி, இருளர் சமூகத்து மாணவர் ஒருவர், பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர். சிறப்பு விருந்தினர் அந்த மூவரையும் மேடைக்கு அழைத்து, "இவர்கள்தான் உண்மையான சாதனையாளர்கள்" என்று சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

அன்று இரவே அந்த வீடியோ வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கீழே கேலி ஸ்டிக்கர்கள். "கடைசி பெஞ்ச் கோட்டா" என்று ஒரு வரி. விடுதியில் தங்கியிருந்த அந்த மாணவி ஊருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. போன் செய்தால், "ஒண்ணுமில்ல மேம், ஜுரம்" என்கிறாராம். அவர் சாதி அறைத்தோழிகளுக்கு அதுவரை தெரியாது என்பது பிறகுதான் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. இருளர் மாணவர் சிரித்துக்கொண்டே போய்விட்டதால், "அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம், முன்வரிசையில் நின்ற சிலர், "எங்களைக் குற்றவாளிகள் மாதிரி நிறுத்திவிட்டார்" என்று முதல்வரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். முதல்வர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டு, "நம் கல்லூரியில் சாதியே கிடையாது, இனி இந்த மாதிரி நிகழ்ச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

என் மேல் வன்கொடுமை வழக்கு வருமா? வீடியோ போட்ட மாணவன் மேல் நானே போலீசில் புகார் கொடுக்கலாமா? வகுப்பின் முன் நின்று மன்னிப்புக் கேட்கட்டுமா? தனியார் கல்லூரியில் முதல்வர் வேண்டாம் என்றால் அவ்வளவுதானா? எங்கே தவறியது? இவைதான் அவர் கேள்விகள்.

பதில்

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது மனதில் இருக்கும்வரை மற்றதை யோசிக்க முடியாது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ன் பிரிவு 3(1)(ஆர்), பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. நோக்கம் என்பது அந்தக் குற்றத்தின் உயிர்நாடி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் அது இல்லை. இந்தப் பிரிவின் கீழ் உங்கள் மேல் வழக்கு நிற்பது கடினம்.

ஆனால் உங்கள் விளக்கத்தின் வரைவில் ஒரு வரி இருக்கிறது: "நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவளும் இல்லை, எனவே எனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை." அதை எடுத்துவிடுங்கள். சட்டப்படி அது உங்களைக் காப்பாற்றாது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர்கள் மேல்தான் அந்தச் சட்டமே பாய்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தச் சமூகத்து ஆசிரியர் ஒருவர் இதே நிகழ்ச்சியை நடத்தியிருந்தால் அவருக்கு உள்நோக்கம் இருந்திருக்கும் என்று அந்த வரி ஒப்புக்கொள்கிறது. நீங்கள் அப்படி நினைப்பவர் இல்லை என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. முதல்வரின் மேசையில் அந்த வரி கிடக்க வேண்டாம்.

குற்றம் இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகாது. எங்கே தவறியது என்று நீங்கள் கேட்டிருப்பதால் நேராகவே சொல்கிறேன். சாதியால் ஒருவர் எவ்வளவு இழந்திருக்கிறார் என்பதை வகுப்புக்குக் கற்றுத்தர, இழந்தவரின் உடம்பையே நீங்கள் பாடப்பொருளாக்கிவிட்டீர்கள். முன்னால் நின்றவர்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது, வாயைத் திறக்காமலே. "விருப்பமில்லாதவர்கள் அடி எடுத்துவைக்க வேண்டாம் என்று சொன்னேன்" என்கிறீர்கள். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது, நூறு பேருக்கு நடுவில் ஒரு மாணவிக்கு அந்த விருப்பம் உண்மையிலேயே இருந்ததா?

நம் மாவட்டத்தில் சாதி வெளியே தெரிவது வெறும் சங்கடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையில் 2003-ல் நடந்த கண்ணகி–முருகேசன் சாதி ஆணவக் கொலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முருகேசன் பொறியியல் பட்டதாரி. பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது, உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்ய 2025 ஆனது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு பெண் விடுதி அறையில் தன் சாதியைச் சொல்லாமல் இருந்தால், அது அவர் தனக்காகச் செய்துகொண்ட பாதுகாப்பு. அந்த மறைப்பு நிகழ்ச்சியில் உடைந்துவிட்டது. அவருக்கு ஜுரமா என்று இனிமேல் கேட்காதீர்கள்.

முதலில் அந்த மாணவி

வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்பது வேண்டாம். உங்கள் மனம் லேசாகும், ஆனால் எல்லோருடைய கண்ணும் மறுபடி அவர் பக்கம் திரும்பும். குழுவில் மன்னிப்புச் செய்தி போடுவதும் அப்படித்தான். கல்லூரி வண்டியில் வீட்டுக்குப் போவதும் கூடாது. என்ன நடந்தது என்று தெருவே கேட்கும், பெற்றோருக்கு அவர் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ நமக்குத் தெரியாது.

ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். "அன்னைக்கு உன்னை அப்படி நிக்க வச்சது என் தப்பு. நீ பேசணும்னா பேசலாம், வேணாம்னாலும் சரி. உன் அட்டெண்டன்ஸ், இன்டர்னல் எதுவும் பாதிக்காம நான் பாத்துக்கறேன்." இவ்வளவு போதும். உங்கள் தரப்பு விளக்கமெல்லாம் அதில் வர வேண்டாம். அவர் பேச விரும்பினால் இடத்தையும் கூட வருபவரையும் அவரே முடிவு செய்யட்டும்.

சொன்னபடி அந்த வருகைப்பதிவைச் சரிசெய்யுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதக் கட்டணம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது என்று நிலைமை வரும். கேலி செய்யப்பட்டவர் படிப்பை இழப்பதும் கேலி செய்தவர் தேர்வு எழுதுவதும் பெரும்பாலும் இப்படி ஆபீஸ் கணக்கில்தான் நடக்கிறது. விடுபட்ட நாட்களை முறைப்படுத்தவும், விடுபட்ட இன்டர்னல் தேர்வை மறுபடி வைக்கவும் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணமாக "கல்லூரி நிகழ்ச்சியால் ஏற்பட்ட மன உளைச்சல்" என்று மட்டும் போடுங்கள். சாதியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்.

விடுதி அறையை மாற்ற வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சில சமயம் பிரச்சினை செய்தவர் இருந்த இடத்திலேயே இருப்பார், அடிபட்டவரை வேறு அறைக்கு மாற்றிவிட்டு "தீர்த்துவிட்டோம்" என்பார்கள். அதற்கு நீங்கள் துணை போகாதீர்கள். பேச்சில் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது தொனித்தால் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உடனே அவர் நம்பும் ஒருவரை அவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

மற்ற இருவரும்

சிரித்துக்கொண்டே போன மாணவரைப் பற்றி நீங்கள் நிம்மதி அடைந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிரிக்காமல் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? அவரிடமும் தனியாகப் பேசுங்கள். பேசும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கையில் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா? பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். இருளர் குடும்பங்கள் பல அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைகின்றன. அது இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. சான்றிதழ் நிலுவையில் இருந்தால் கல்லூரி கடிதத்தோடு ஒருவர் கூடப் போய்வருவது, மேடையில் வாங்கித்தந்த கைதட்டலைவிட அவருக்கு நிச்சயம் உதவும்.

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் விஷயத்தில், விருந்தினர் பேசியது "ஊக்கமளிப்பதாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அப்படி இருந்ததா என்று கேட்டீர்களா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அவருக்குத் தருவது பாராட்டு இல்லை, ஏற்பாடுகள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். சொல்லச்சொல்ல எழுதும் உதவியாளர். 40 சதவீதக் குறைபாடு என்று சான்று இருந்தால்தான் உதவியாளர் என்று அலுவலகம் அடம்பிடித்தால், 2021-ல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் உங்கள் துறையின் நோட்ஸ். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, ஜெராக்ஸை போட்டோ எடுத்தது, இவற்றை எந்தத் திரைவாசிப்பு மென்பொருளாலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தால் அந்த மாணவர் யாரையும் எதிர்பார்க்காமல் தானே கேட்டுப் படிப்பார். இதற்கு விழாவும் வேண்டாம், பணமும் வேண்டாம். இந்த வாரமே தொடங்கலாம்.

புகார்: யார் முடிவு செய்வது?

போலீஸ் நிலையத்துக்கு நீங்களே போகத் தயார் என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மாணவி 18 வயது தாண்டியவர். அவர் கேட்காமல் அவர் பெயரில் வழக்கு ஆரம்பித்தால், ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக அவரைக் கேட்காமல் அவர் கதையை ஊருக்குச் சொன்னதாக ஆகும். வழக்கு என்று வந்தால் ஊரில் சமரசப் பேச்சு வரும், வீட்டுக்கு ஆள் வரும், அதைத் தாங்க வேண்டியது அவர் குடும்பம். எனவே வழிகளை அவர் முன் வையுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது, தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்பது அவர் பாடு.

காவல்துறை வழியில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். குழுவில் வந்த வரியில் சாதிப் பெயர் இல்லை. "கோட்டா" என்ற சொல் எதைக் குத்துகிறது என்று நமக்குத் தெரியும், ஆனால் அவர் பட்டியல் சாதி என்பதற்காகவே இழிவுபடுத்தினார்கள் என்பதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். மூடிய வாட்ஸ்அப் குழு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடமா என்பதும் வாதத்துக்குரியது. 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாட்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இந்தப் பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நூறு பேர் இருக்கும் குழுவை அப்படிப் பார்க்க முடியாது என்று நான் வாதிடுவேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை. குழுவில் வேறு செய்திகள் இருக்கின்றனவா, சாதிப் பெயரைச் சொன்ன ஆடியோ ஏதாவது இருக்கிறதா என்பதையெல்லாம் முழுசாகப் பார்த்த பிறகுதான் உறுதியாக எதையும் சொல்ல முடியும்.

இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது, பலருக்கும் அது தெரிவதில்லை. ராகிங் என்றால் முதலாமாண்டு மாணவர்களை சீனியர்கள் செய்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. சாதி, மதம், நிறம், பாலினம், பாலின ஈர்ப்பு, தோற்றம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை ஆகியவற்றின் பேரில் எந்த மாணவரை மனரீதியாகத் துன்புறுத்தினாலும், கேலி செய்து ஒதுக்கினாலும் அது ராகிங்தான். எந்த ஆண்டு மாணவராக இருந்தாலும் பொருந்தும். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவில் புகார் கொடுக்கலாம், அல்லது 1800-180-5522 என்ற தேசிய எண்ணில் சொல்லலாம். தகவல் வந்ததும் அது தண்டனைச் சட்டத்தின் கீழ் வரும் குற்றமா என்று கல்லூரித் தலைவர் பார்க்க வேண்டும், அப்படியானால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். தண்டனை என்றால் உடனே டிசி இல்லை. வகுப்பிலிருந்து சில நாள் நீக்கம் முதல் கல்லூரியிலிருந்து வெளியேற்றம் வரை படிப்படியாக இருக்கிறது. வீடியோ போட்ட பையனுக்கும் 19 வயதுதான், அவன் வாழ்க்கையே போய்விடக் கூடாது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. அந்தப் படிகள் அதற்காகத்தான். ஆனால் இருவரையும் முதல்வர் அறையில் நிறுத்திக் கைகுலுக்க வைத்து, "சமாதானம் ஆகிவிட்டது" என்று எழுதி வாங்குவதற்கு மட்டும் நீங்கள் சாட்சியாக இருக்காதீர்கள்.

எந்த வழி என்றாலும் ஆதாரம் வேண்டும். வீடியோவையும் செய்திகளையும் தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எடுத்த போனை அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் பிரிவு 63-ன்படி சான்றும் கேட்பார்கள், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. பதிவு செய்த பிறகு குழுவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். "பாருங்கள், எவ்வளவு கொடுமை" என்று சக ஆசிரியர்களுக்கு நீங்கள் அதை அனுப்பக் கூடாது. அதுவும் பரப்புவதுதான்.

மாணவிக்குத் தனியாக வழக்கறிஞர் வேண்டும் என்றால் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100. நான் உங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன் என்பதால் அவருக்கும் நானே சொல்வது முறையாகாது. உங்கள் நலனும் அவர் நலனும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது.

முதல்வருக்கு எழுதும் பதில்

தனியார் கல்லூரி என்பதால் இந்த விதிகள் பொருந்தாது என்று நினைத்திருக்கிறீர்கள். பொருந்தும். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்தும் யூஜிசி விதிமுறைகள் 2012, பாகுபாட்டைத் தடுக்கச் சமவாய்ப்பு மையம் அமைக்கவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும் சொல்கின்றன. புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். 2026 ஜனவரியில் யூஜிசி இதற்குப் பதிலாகப் புதிய விதிமுறைகளை அறிவித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகள் தொடரும் என்றது. மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 2019 திருநர் பாதுகாப்புச் சட்டமும் அரசு நிதி பெறும் நிறுவனங்களோடு அங்கீகாரம் மட்டும் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகின்றன.

முதல்வரோடு மோதுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வீடியோ வெளியே போய் டிவியில் வந்தால் அட்மிஷன் பாதிக்கும் என்று நிர்வாகம் அவரைத்தான் கேட்கும். பதிலில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மாணவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறாததற்கும், செல்போனைக் கட்டுப்படுத்தாததற்கும் வருத்தம் தெரிவியுங்கள். மூவரின் பெயரையும் எழுத வேண்டாம். நிகழ்ச்சி நடத்தியதற்காக மட்டும் வருத்தம் தெரிவிக்காதீர்கள், அது கல்லூரியின் சட்டக் கடமை. "எங்கள் கல்லூரியில் சாதிப் பாகுபாடு இல்லை" என்று தட்டச்சு செய்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அது நாளை மாணவியின் புகாருக்கு எதிரான ஆவணமாக மாறும். பதிலை ஆபீஸில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு: தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1976, குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரிக்காமல் ஆசிரியரை நீக்குவதைக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறீர்களா, ஒப்பந்தமா என்பதைப் பொறுத்து உங்கள் நிலை மாறும். நியமன ஆணையைப் பார்க்காமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

மனு கொடுத்த மாணவர்களை எதிரிகளாகப் பார்க்காதீர்கள். அவர்களில் சிலர் கையில் சாதி நிறக் கயிறு கட்டியவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குப் பரிந்துரைத்தது, ஆகவே உங்கள் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. ஆனாலும் "நான் பிறந்த வீட்டுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று 19 வயதுப் பையன் கேட்டால் அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அவன் பிறப்புக்கு அவன் பொறுப்பில்லை, அந்தக் குழுவில் ஸ்டிக்கர் போட்டதற்கும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததற்கும் பொறுப்பு உண்டு. இந்த வித்தியாசம் உங்கள் பயிற்சியில் காணாமல் போய்விட்டது.

அடுத்த நிகழ்ச்சி

வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் யாருக்குப் பாடம் என்பதை முதலில் மாற்றுங்கள். உங்கள் கல்லூரியில் உதவித்தொகை அறிவிப்பு வரும்போது, "எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்கிறார்கள் என்று நீங்களே ஒரு ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இது சர்வ சாதாரணம். உங்கள் நிகழ்ச்சியில் ஒரு முறை நடந்தது அங்கே ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கிறது. ஆபீஸ் ஊழியர்கள், விடுதிக் காப்பாளர், தேர்வு அறைக் கண்காணிப்பாளர்கள், சக ஆசிரியர்கள், இவர்களுக்குத்தான் முதல் வகுப்பு. உதவித்தொகை விவரம் தனித்தனியாகப் போனுக்குப் போகட்டும். விடுதியில் திருநங்கை மாணவி ஒருவர் சேர்ந்தால் எந்த அறை, எந்தக் கழிப்பறை, வருகைப்பதிவில் எந்தப் பெயர் என்பதை அவர் வந்து நிற்கும் முன்பே எழுதி வையுங்கள்.

கற்க வேண்டியவர் எப்படிக் கற்கலாம் என்பதற்கு நம் உயர் நீதிமன்றத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021-ல் சுஷ்மா வழக்கில், இணைந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் தானே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதைத் தன் உத்தரவிலும் எழுதினார். கல்வி நிறுவனங்களிலும் இதுபற்றிய புரிதலை வளர்க்க வேண்டும் என்று பிறகு வழிகாட்டினார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். அந்த உத்தரவை உங்கள் சக ஆசிரியர்களோடு சேர்ந்து வாசிக்கலாம், நல்ல தொடக்கமாக இருக்கும்.

மாணவர்களுக்கு வகுப்பில் இருப்பவர் கதை வேண்டாம், இந்த மண்ணின் கதை ஏராளமாக இருக்கிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916-ல் நந்தனார் பெயரில் ஏன் ஒரு பள்ளி தொடங்க வேண்டியிருந்தது? காட்டுமன்னார்கோயில் பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையைச் சிறுவனாக இருந்தபோது உடைத்தவர் இளையபெருமாள். பின்னாளில் தீண்டாமை பற்றி ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவராகி 1969-ல் அறிக்கை கொடுத்தார். இதை வாசிக்கக் கொடுத்துவிட்டு, "நம் கல்லூரியில் இன்று அந்தப் பானை எது?" என்று கேளுங்கள். மெஸ்ஸில் யார் எங்கே உட்காருகிறார்கள், செமினாரில் ஆங்கிலம் தெரியாதவர் ஏன் வாய் திறப்பதில்லை, லேப் குரூப்பை யார் பிரிக்கிறார்கள் என்று பேச்சு தானாக வரும். யாரும் தன் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை, யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதும் இல்லை. மாற வேண்டிய நடைமுறைகளை மாணவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

சொந்த அனுபவத்தைப் பேச ஒருவர் வேண்டும் என்றால் வெளியிலிருந்து, பேச விரும்புகிறவரை அழையுங்கள். திருநங்கை செயல்பாட்டாளர்களை மகளிர் தினத்துக்குக் கூப்பிட்டு ஒரு சால்வையோடு அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மற்ற விருந்தினருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் பயணச் செலவையும் கொடுங்கள். என்ன பேசுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். சிறப்பு விருந்தினர் யாராக இருந்தாலும், எந்த மாணவரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். செல்போன்கள் வாசலில் இருக்கட்டும். முடியும்போது பாகுபாடு எதிர்ப்பு அலுவலரின் பெயர், அறை எண், போன் எண்ணைப் பலகையில் எழுதிப் போடுங்கள். அப்படி ஓர் அலுவலர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால் மெமோவுக்கான பதிலின் கடைசிப் பத்தியில் அதைக் கோரிக்கையாக வையுங்கள்.

நியமன ஆணை, மெமோ, ஸ்கிரீன்ஷாட்கள் மூன்றையும் எடுத்து வையுங்கள். பதில் கொடுக்க வேண்டிய தேதிக்கு முன் வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். அவகாசம் போதவில்லை என்றால் கூடுதலாக ஒரு வாரம் கேட்டு இன்றே முதல்வருக்கு எழுதிவிடுங்கள், தவறில்லை.